கிளிப்பச்சைச் சட்டையும் நீர்யானையும்

பஸ்ஸில் எண்ணிக்கை சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் வம்பு.

நித்யா மேடம் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து சீட்டுக்கு மேலே தெரிந்த தலைகளை எண்ணிக்கொண்டு போனேன். இருவருக்கும் முப்பத்திரண்டு வந்தது. எல்லாம் கிளிப்பச்சைச் சட்டை. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஜன்னல் ஓரத்தில் ஒரு பையன் முறுக்கு கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தான். வாயெல்லாம் தூள். துடைத்துவிடலாம் என்று முந்தானையை எடுத்துக்கொண்டு அவன் முகத்தைத் திருப்பினேன். நான் அதுவரை பார்க்காத முகம்.

"ஏனுங்க மேடம், இது நம்ம பையன் இல்லீங்களே!"

"நம்ம சட்டைதான ஆயா போட்டிருக்கான்?"

"சட்டை நம்முளுதுங்க. பையன் நம்மவன் இல்லீங்."

நித்யா மேடம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியாள் ஒருத்தன் உள்ளே இருந்தும் கணக்கு சரியாக இருக்கிறது என்றால், நம்முடையது ஒன்று வெளியே நிற்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ரிங்கி இல்லை.

எந்தப் பிள்ளையையும் தொலைக்கக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு ரிங்கியைத் தொலைக்கவே கூடாது. அது ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அறை

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் குழந்தைகள் காப்பகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அதே கம்பெனியில், டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை. பிறகு, தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் செக்கிங். பிறந்தது சேவூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். அவசரப்படுத்தாவிட்டால் எழுதிவிடுவேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள், "டூர் கூட்டிட்டுப் போயி மிருகத்தைக் காட்டுனா புள்ளைங்க என்னத்தைங்க ஆயா கத்துக்கும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பெருமை பேசுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் காப்பகம் என்ற அறை, சரக்கு வாங்கும் பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில்தான் திறக்கும். பொம்மைகள் பிரிக்காத கவரோடு இருக்கும். எங்கள் அறை அப்படி இல்லை. காலை ஷிப்ட்டுக்கு மணி அடிக்கும் முன்பே தரை துடைத்துப் பாய் விரித்திருப்பேன். அந்த அறையில் கொங்குப் பேச்சு, தேனிப் பேச்சு, ஒடியா, இந்தி எல்லாம் ஒன்றாக உருளும். பசி, தூக்கம், ஒன்றுக்கு வருகிறது என்ற மூன்றும் எந்தப் பாஷையில் சொன்னாலும் எனக்குப் புரியும். அதற்கு மேல் அவர்களே ஒருவருக்கொருவர் புரியவைத்துக்கொள்வார்கள்.

ரிங்கிக்கு நான்கு வயது. அம்மா ஜமுனா, ஒடிசாக்காரி, மாடியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள். அப்பாவுக்கு வேறொரு கம்பெனியில் நிட்டிங் வேலை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

தினமும் காலையில் ஜமுனா அவளை என்னிடம் விட்டுவிட்டுப் படியேறுவாள். அப்போது ஆரம்பிக்கும். சும்மா அழுகை இல்லை. மூச்சு நின்று போகிற அழுகை. தாயின் துப்பட்டாவைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்ததும் தரையில் விழுந்து கத்திக் கத்திக் குடித்த பாலை வாந்தி எடுத்துவிடுவாள். நான் தூக்கி வைத்துப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், சும்மா விட்டும் பார்த்தேன். சத்தம் மாடிப்படி ஏறி மேலே போகும். ஜமுனா மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவருவாள். அவள் பீஸ் போடாவிட்டால் அடுத்த மிஷினுக்கு வேலை வராது. சூப்பர்வைசர் முருகேசன் தெற்கத்திக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அவருக்கு மேலே ஆள் இருக்கிறது அல்லவா?

"ஏத்தா ஜமுனா, லைன் நிக்குதுல்லா? நீ புள்ளையப் பாக்கியா, மிஷினைப் பாக்கியா? ஏதாவது ஒண்ணு சொல்லு," என்பார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஜமுனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபனைத் திறக்கவே இல்லை.

"ஆயா, என் தம்பி திங்கக்கெழமை ராத்திரி ட்ரெயினுக்கு ஊருக்குப் போறான். ரிங்கியை அவன்கூட அனுப்பறேன். அங்க என் அம்மா பாக்கும்."

"நீ எப்பக் கண்ணு போயிப் பாப்பே?"

"அடுத்த வருசம். லீவு குடுத்தா."

"ஒரு வாரம் பொறு கண்ணு. சரியாயிரும்."

"எத்தனை ஒரு வாரம் ஆயா?" என்றாள்.

நான் அந்த வார்த்தையைப் பலமுறை சொல்லியிருந்தேன். ரிங்கி அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, அந்த அரைமணி நேரத்தில் உலகத்தில் எந்தக் குறையும் இல்லாதவள்போல, தாயின் வளையலை மேலும் கீழும் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்மெண்ட்

அந்த வாரம்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஆயா, ஞாயித்துக்கெழமை ஷிப்மெண்ட் போகோணும். டெய்லருங்க அத்தனை பேரும் வந்தாத்தான் ஆகும். ஸ்கூல் போற புள்ளைங்களும் அன்னிக்கு லீவுல இருக்கும். அத்தனையும் உங்க ரூமுக்குள்ள அடைக்க முடியுமுங்களா?"

"அடைக்க முடியாதுங்க. எங்காச்சும் கூட்டிட்டுப் போயிரலாமுங்க," என்றேன்.

எச்.ஆர். வேலைக்கு அவிநாசியிலிருந்து புதிதாக வந்திருந்த நித்யா மேடம், பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மிருகக்காட்சி சாலை ஒன்று இருக்கிறது, காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம் என்றார். முதலாளிக்குப் பிடித்துப் போயிற்று. பஸ் சொன்னார், சாப்பாடு சொன்னார். ஆயத்தமெல்லாம் முடிந்து கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அந்தக் கிளிப்பச்சை லாட் மிச்சம் கெடக்குதல்லங்க? எல்லாப் புள்ளைக்கும் அதுல ஒவ்வொண்ணு போட்டு உடுங்க. ஒரே கலரா இருந்தா கூட்டத்துல ஒண்ணும் தொலையாது."

பார்த்ததும் கண் கூசுகிற பச்சை. நெஞ்சில் சிரிக்கிற சூரியன் படம். ஷேடு மாறிவிட்டது என்று பையர் தள்ளிவிட்ட லாட் அது. எங்கள் எல்லோருக்குமே நல்ல யோசனையாகத்தான் பட்டது. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றாலும் தெரியும்.

ஆனால் அந்த லாட்டில் பெரும்பகுதியைக் மிச்சச் சரக்கு வாங்கும் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் எப்போதோ மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவர் அதை எங்கெங்கோ விற்றிருக்கிறார். பாலக்காட்டில் ஒரு டியூஷன் சென்டர்க்காரரும், டூருக்கு ஒரே கலராக இருந்தால் ஒன்றும் தொலையாது என்று யோசித்து அதையே வாங்கியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. எங்களுடையது தைத்துத் தைத்து அனுப்புகிற ஊர். அதை எந்தப் பிள்ளை போட்டுக்கொள்கிறது என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ரிங்கியை அனுப்ப ஜமுனாவுக்கு மனது இல்லை. "அவ அழுவா ஆயா. பஸ்ஸுல எல்லாருக்கும் தொந்தரவு."

"அழுதா நான் இருக்கறேன். திங்கக்கெழம ஊருக்கு அனுப்பறதுன்னா அனுப்பு. அதுக்கு முன்னால ஒரு நாளு யானை புலியெல்லாம் பாத்துட்டுப் போகட்டும். எங்கையைப் புடிச்சபடியே கூட்டிட்டு வந்து உங்கையில குடுக்கறேன்."

அப்படித்தான் சொன்னேன். அதை நம்பித்தான் அனுப்பினாள்.

கூண்டுகளுக்கு முன்னால்

போகும் வழியில் வாளையாறு வரைக்கும் ரிங்கி அழுதாள். பிறகு களைத்துத் தூங்கிவிட்டாள்.

நித்யா மேடம் மிருகங்களின் இங்கிலீஷ் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நிறுத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கேள்வி கேட்பதாகத் திட்டம். பிள்ளைகள் விட்டால்தானே?

புலி மரத்தடியில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "டைகர், சொல்லுங்க," என்றார் மேடம்.

"மேடம், அது நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்துருக்குது. எழுப்பாதீங்க," என்றான் ஒருவன். அவன் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி வேலை. உடனே அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். பகலில் அப்பா தூங்கும்போது ஒற்றை அறை வீட்டில் எப்படி நடப்பார்களோ அப்படி. சத்தம் போட்டுப் புலியை எழுப்பப் பார்த்த ஒரு பெரிய ஆளை, "அண்ணா, கத்தாதீங்க. அதுக்கு ராத்திரி வேலை இருக்குது," என்று ஒரு பெண் குழந்தை அதட்டியது. அந்த ஆள் நகர்ந்து போய்விட்டார்.

வரிக்குதிரையைப் பார்த்ததும் கட்டிங் மாஸ்டர் மகள், "ஸ்ட்ரைப் மேட்ச் ஆகலை," என்றாள். பார்த்தால் நிஜம்தான், வயிற்றில் ஒரு பக்கக் கோடு மறுபக்கத்தோடு சேரவில்லை. ஒரு குரங்கு தன் குட்டியைப் பிடித்து உட்காரவைத்து மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தது. "ஆயா, செக்கிங்!" என்று எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நித்யா மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தாளை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டார்.

"நான் சொல்றதைவிட இதுங்க சொல்றதே நல்லா இருக்குதுங்க ஆயா."

ரிங்கி எதற்கும் சிரிக்கவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அழவும் இல்லை, அதுவே போதும் என்று இருந்தேன்.

நீர்யானைத் தொட்டிக்கு வந்தோம். தாய் ஒன்று, குட்டி ஒன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் மூழ்கிப் போனது. குட்டி மட்டும் சரிவான சிமெண்ட் கரையில் நின்றது. தண்ணீர் சேற்று நிறம். மூழ்கியது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பொடிசு கால்சட்டையை நனைத்துக்கொண்டது. ரிங்கியின் கையை ஒரு பெரிய பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பொடிசைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். திரும்பி வரும்போது தொட்டி ஓரமெல்லாம் கிளிப்பச்சையாகத் தெரிந்தது. அத்தனையும் நம்முடையது என்றே நினைத்தேன். டியூஷன் சென்டர் பிள்ளைகள் அப்போதுதான் அங்கே வந்து கலந்திருந்தார்கள். அந்தப் பெரிய பெண் ரிங்கி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தது இன்னொரு பச்சைச் சட்டையின் கையை. ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை கையை உதறிவிட்டுத் தன் கூட்டத்துக்கு ஓடிவிட்டது. ரிங்கிதான் என்னிடம் ஓடிவிட்டாள் என்று இவள் நினைத்திருக்கிறாள்.

பச்சைச் சட்டைகளுக்கு நடுவே

பஸ்ஸில் ஏறியிருந்த பையன் பெயர் அப்பு. மலையாளத்தில் பேசினான். ஏறும்போதே நித்யா மேடத்திடம் என்னவோ சொல்லியிருக்கிறான். இவர் அதை ஒடியா என்று நினைத்து, "சரி சரி, உக்காரு கண்ணா," என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பிள்ளைகளும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாத பாஷை பேசுகிற ஒருவன் பக்கத்தில் உட்காருவது தினமும் நடப்பதுதான்.

"எதுக்கப்பா ஏறுனே?" என்றேன்.

"முறுக்கு தந்நு. ஞான் கேறி," என்றான். முறுக்கு கொடுத்தார்கள், ஏறினேன் என்கிறான்.

நித்யா மேடத்துக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: "ஆயா, நீங்க வந்த வழியே திரும்பிப் போங்க. நான் இவனை ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி, மைக்குல சொல்லச் சொல்றேன். கதவு எல்லாத்தையும் பாத்துக்கச் சொல்றேன். ரெண்டு பேரும் அழக்கூடாது, சரிங்களா?"

"அழ மாட்டேனுங்க," என்றேன்.

நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன் என்றும் சொல்ல முடியாது. என் முழங்காலுக்கு அதுதான் வேகம். பச்சைச் சட்டை தெரிந்த இடமெல்லாம் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினேன். வேறு முகம். இன்னொன்று, அதுவும் வேறு முகம். நெஞ்சில் அதே சூரியன் ஒவ்வொன்றிலும் என்னைப் பார்த்துச் சிரித்தது. செக்கிங் டேபிளில் நானே அந்தச் சட்டைகளைப் புரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதே சட்டைகளைப் பிள்ளைகளோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டு போனேன்.

எந்த அழுகையை நிறுத்த மாதக்கணக்கில் பாடுபட்டேனோ, அந்த அழுகை எங்கேயாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். ரிங்கி அழுதால் ஒரு கட்டிடமே கேட்கும். இங்கே கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கை நீட்டி வாங்கி வந்த பிள்ளை. ஜமுனாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நீர்யானைத் தொட்டி ஓரத்தில் கூட்டம் கலைந்திருந்தது. ஒரே ஒரு பச்சைச் சட்டை, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண், அங்கே கூட்டுகிறவர் போலிருக்கிறது, நிழலில் குந்தி இருந்தார்.

"நிங்ஙளுடெ குட்டியா? விளிச்சா வராது கேட்டோ. கம்பியப் பிடிச்ச பிடி விடலை. தனியே விட்டுப் போக எனக்கும் மனசு வரலை," என்றார்.

அவர் யாரோ, எவரோ. அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன்.

"ரிங்கி!" என்றேன்.

"சுப்!" என்றாள் திரும்பாமலே. சத்தம் போடாதே என்கிறாள்.

பக்கத்தில் போய் நின்றேன். கன்னத்தில் கண்ணீர்க்கோடு எதுவும் இல்லை. முகம் சாதாரணமாக இருந்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா உள்ள," என்று தண்ணீரைக் காட்டினாள். பிறகு கரையில் நின்ற குட்டியைக் காட்டினாள். "பாப்பா அழலை."

குட்டி அழவில்லைதான். வாயில் ஒரு புல்லை வைத்து மென்றுகொண்டு நின்றது.

"அம்மா வருமா கண்ணு?" என்றேன்.

"வரும். முன்னாடியும் வந்துச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவள் தொலைந்து போனாள் என்பது நமக்குத்தான். தான் தொலைந்தது அவளுக்குத் தெரியாது. அந்தத் தாய் முங்குவதையும் எழும்புவதையும் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போனபோதெல்லாம் வந்திருக்கிறது.

போன் அடித்தது. "கெடைச்சுட்டாளுங்க மேடம்," என்றேன். அந்தப் பக்கம் நித்யா மேடம் ஓவென்று அழுத சத்தம் கேட்டது. அழக்கூடாது என்று சொன்னவர்தான்.

"சீக்கிரம் கூட்டிட்டு வாங்க ஆயா."

"கொஞ்சம் பொறுங்க மேடம். அம்மா மேல வரோணும்."

"எந்த அம்மா?"

"வந்து சொல்றேனுங்க."

பஸ் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார் என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் நின்றேன். கூட்டுகிற அம்மாவும் எழுந்து வந்து எங்களோடு நின்றார். மூன்று பேரும் அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு புஸ்ஸென்று பெரிய மூச்சோடு தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு தாய் எழும்பியது. குட்டி அவசரமே இல்லாமல் அதன் பக்கம் இறங்கிப் போனது.

ரிங்கி கை தட்டவில்லை. ஒரு பெரிய மனுஷி வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவதுபோல என்னைப் பார்த்து, "போலாம்," என்றாள்.

கேட்டுக்கு வெளியே

அப்புவை அவனுடைய வாத்தியார் வந்து கூட்டிக்கொண்டு போனார். அவரும் பஸ்ஸில் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்று குறைந்ததும் அலறியடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளின் சட்டையைப் பார்த்ததும் அப்புவின் சட்டையை இழுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

பொழுது சாய்ந்து கம்பெனிக்கு வந்து சேர்ந்தோம். வேலை முடிந்த தாய்மார்கள் கேட்டருகே நின்றார்கள். நான் ஜமுனாவிடம் போவதற்குள் நித்யா மேடம் முந்திக்கொண்டார்.

"ஜமுனாக்கா, ரிங்கி கொஞ்ச நேரம் தொலைஞ்சு போயிட்டா. நாங்க கவனிக்கலை. தப்பு எங்களுதுதான்," என்று மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஜமுனா கத்தவில்லை. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ரிங்கியை வாங்கிக்கொண்டாள். அவள் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

"கையப் புடிச்சுட்டு வந்து குடுக்கறேன்னு சொன்னீங்க ஆயா," என்றாள்.

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு அனுப்பிடறேன். அதான் நல்லது."

நீர்யானையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? பிள்ளை தொலைந்ததற்கு ஒரு சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை

ட்ரெயின் ராத்திரிக்குத்தான். அதனால் அன்றைக்கும் ஜமுனா வேலைக்கு வந்தாள், ரிங்கியையும் கூட்டி வந்தாள். ஊருக்குப் போகிற பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். வழக்கம்போல நான் கையை நீட்டினேன். வழக்கம்போல விரல்களைப் பிரித்தெடுக்கத் தயாரானேன்.

ரிங்கி துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் சத்தம் வரவில்லை. என்னிடம் வந்தாள்.

ஜமுனா பயந்துபோனாள். ரிங்கியின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள்.

"ஆயா, இவளுக்கு ஒடம்பு சூடா இருக்குதா பாருங்க. அழ மாட்டேங்கறா."

"சூடெல்லாம் இல்ல கண்ணு. நீ மேல போ."

படியேறுகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டீ நேரத்தில் முருகேசன் கீழே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஆயா, இன்னிக்கு ரேடியோவை அமத்திப்புட்டியளா? மேல ஒரு சத்தமும் கேக்கலியே. அந்தப் புள்ள வரலியோ?"

"அதா பாருங்க, கோபுரம் அடுக்கிட்டு இருக்கறா," என்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிள்ளைகள் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாயில் கிடந்த பெரிய போர்வையை விரித்தார்கள். அதுதான் தண்ணீர். ரிங்கி அதற்குள் புகுந்துகொண்டாள். சின்னவர்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அவள் எழும்பிப் புஸ்ஸென்று ஊதியதும் எல்லோரும் கத்த வேண்டும். மறுபடியும் முங்குவாள்.

ஜமுனா டிபனோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினேன்.

அந்த முறை ரிங்கி உள்ளே அதிக நேரம் இருந்துவிட்டாள். இரண்டு வயதுப் பையன் ஒருவன், தேனிக்காரர் பிள்ளை, போர்வையைப் பார்த்துப் பார்த்து மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். அழுகை வரும் நேரம் போர்வைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"அழாத. நான் உள்ளதான் இருக்கறேன். வருவேன்."

பிறகு தலையை நீட்டிப் புஸ்ஸென்று ஊதினாள். அவன் கைகொட்டிச் சிரித்தான். அப்போதுதான் வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். பார்த்ததும் ஓடிப் போய் இடுப்பில் ஏறிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஏறிக்கொள்ளவில்லை. விளையாட்டு பாதியில் நிற்கிறதே!

"மா, நீ போ. அப்பறம் வா," என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிட்டாள்.

ஜமுனா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ஆயா, இவ இதை எங்க கத்துக்கிட்டா?" என்று கேட்டாள்.

"தொலைஞ்ச எடத்துல கண்ணு," என்றேன்.

அதன் பிறகுதான் அந்தத் தொட்டியையும் தாயையும் குட்டியையும் சொன்னேன். அவள் சாப்பிடாமல் கேட்டாள். மணி அடித்ததும் எழுந்து போனாள்.

சாயங்காலம் அவள் தம்பி தோளில் பையோடு கேட்டருகே வந்து நின்றான். ஜமுனா அவனிடம் அம்மாவுக்கு வாங்கி வைத்திருந்த சேலையைக் கொடுத்தாள், முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தாள். என்னவோ ஒடியாவில் சொன்னாள். அவன் ரிங்கியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தனியாகப் போனான்.

எனக்குத் தெரிந்தது

புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன். டூர் போனால் சட்டையை எண்ணாதீர்கள், முகத்தை எண்ணுங்கள். எங்கள் கம்பெனியில் இப்போது டூருக்கு முன்னால் ஒவ்வொரு சட்டையிலும், கழுத்து லேபிள் வைக்கிற இடத்தில், பிள்ளையின் பெயரும் கம்பெனி போன் நம்பரும் எழுதிய நாடாவை வைத்துத் தைத்துவிடுகிறோம். தாய்மார்களே தைக்கிறார்கள். அப்படி ஒரு தையலை எந்தப் பையரும் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று. பிள்ளைகளை ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த மிருகத்திடம் வேலை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கையை மட்டும் விடாதீர்கள். பஸ் நிற்கும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். செவ்வாய்க்கிழமை காலையில் ரிங்கி அழுதாள். நன்றாகவே அழுதாள். ஆனால் துப்பட்டாவை அவளே விட்டுவிட்டு, நின்று, தாய் படியேறிப் போவதைக் கடைசிப்படிவரை பார்த்துக்கொண்டு அழுதாள்.